கடையில் கிடைக்காத கிறிஸ்துமஸ்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர் வீடுகளில் இரண்டு காரியங்கள் தொடங்கிவிடும். ஒன்று, சுவருக்கு வெள்ளையடிப்பது. மற்றொன்று, பட்டியல் போடுவது.

புதுத் துணி, கேக், நட்சத்திரம், விளக்குச் சரம், மாவு, எண்ணெய், வெல்லம் என்று பட்டியல் நீளும். தகப்பனார் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "வருஷத்துக்கு ஒரு நாள்தானே!" என்பார் தாயார். பிள்ளைகள் தங்கள் பங்குக்கு இன்னும் இரண்டு வரி சேர்ப்பார்கள்.

இது வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல். செய்ய வேண்டிய காரியங்களின் பட்டியல் எத்தனை வீடுகளில் இருக்கிறது?

வாங்கிய பண்டிகை 25-ஆம் தேதி இரவோடு முடிந்துவிடும். கேக் தீர்ந்து போகும். விளக்குச் சரம் பெட்டிக்குள் போகும். ஆனால் வீட்டார் எல்லோரும் சேர்ந்து செய்த காரியம் அப்படி முடிவதில்லை. "அப்பா மூங்கில் சீவிக் கொடுப்பார், நாங்கள் காகிதம் ஒட்டுவோம்" என்று அறுபது வயதிலும் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு. "எங்கள் வீட்டில் நூறு பல்பு வைத்த சரம் வாங்கினோம்" என்று அப்படி யாராவது சொல்லிக் கேட்டதுண்டா?

பழக்க வழக்கங்கள் பல இருக்கலாம். அத்தனையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றையும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் போதும்.

இது எதற்காக? இதில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் பங்கு உண்டா? இதற்குக் கடன் வாங்க வேண்டுமா?

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. கிடைக்காவிட்டால் அதை விட்டுவிடுவதால் பண்டிகைக்கு ஒரு குறையும் வராது.

தொழுவத்தில் பிறந்தவர்

இந்தப் பண்டிகையின் கதை என்ன? லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் அது இருக்கிறது. பெத்லகேம் ஊரில் யோசேப்புக்கும் மரியாளுக்கும் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றி, மாட்டுக்குத் தீவனம் வைக்கும் தொட்டியில் படுக்க வைத்தார்கள்.

அந்தச் செய்தி முதலில் யாருக்குப் போயிற்று? அரசனுக்கு அல்ல, ஊர்ப் பெரிய மனிதர்களுக்கும் அல்ல. இரவில் கண் விழித்து ஆட்டு மந்தையைக் காவல் காத்துக்கொண்டிருந்த மேய்ப்பர்களுக்குப் போயிற்று.

மத்தேயு எழுதிய சுவிசேஷம் மேலும் சொல்கிறது. ஏரோது மன்னனுக்குப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் எகிப்து தேசத்துக்கு ஓடினார்கள்.

இடம் இல்லாதவர்களின் கதை இது. உயிருக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடியவர்களின் கதை. இதைக் கொண்டாடுவதற்காக ஒரு குடும்பம் நகையை அடகு வைக்கிறது என்றால், கதையை அது மறந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

மாடும் கழுதையும்

குடில் வைக்கும் பழக்கத்தைப் பாருங்கள். 1223-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் கிரெச்சோ என்ற சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்பு விழாவை நடத்தினார். அதற்காக அவர் தயார் செய்யச் சொன்னவை ஒரு தீவனத் தொட்டி, கொஞ்சம் வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. ஊர் ஜனங்கள் தீவட்டியும் மெழுகுவர்த்தியும் ஏந்திக்கொண்டு வந்தார்கள். எண்ணூறு ஆண்டு கடந்தும் அந்தக் காட்சியை உலகம் மறக்கவில்லை.

நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் குடில் கட்டுவது பிள்ளைகளின் ராஜ்யம். வைக்கோல் கொண்டு வருவான் ஒருவன். ஆற்று மணல் அள்ளி வருவான் மற்றொருவன். சில நாட்களுக்கு முன்பே கேழ்வரகையோ நெல்லையோ தட்டில் தூவித் தண்ணீர் தெளித்து வைப்பாள் ஒரு சிறுமி. பண்டிகைக்குள் பச்சைப் பசேல் என்று பயிர் நிற்கும். அதுதான் பெத்லகேமின் புல்வெளி!

இதில் ஒரு நுட்பம் உண்டு. குடிலில் மாடு இருக்கும், ஆடு இருக்கும், மாதாவும் சூசையப்பரும் இருப்பார்கள். ஆனால் பாலன் ஏசுவின் சொரூபம் இருக்காது. 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் அதை வைப்பார்கள். மூன்று ராஜாக்களை முதலிலேயே தொட்டில் அருகே நிறுத்தாமல், தூரத்தில் வைத்துத் தினம் ஒரு சாண் நகர்த்துகிற வீடுகளும் உண்டு. ஜனவரி 6-ஆம் தேதி ராஜாக்கள் திருநாள் அன்று அவர்கள் வந்து சேருவார்கள்.

இதற்குச் செலவு என்ன? ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? காத்திருக்கக் கற்றுக்கொள்கிறது. கேட்டதெல்லாம் மறுநாளே வீட்டு வாசலுக்கு வந்து சேரும் காலம் இது. இந்தக் காலத்தில் காத்திருப்பதைக் கற்றுத் தரும் பள்ளிக்கூடம் வேறு எது?

நட்சத்திரம் செய்த மாணவர்கள்

அடுத்தது வாசலில் தொங்கும் நட்சத்திரம்.

முன்பெல்லாம் மூங்கிலைச் சீவி, ஐந்து முனை வைத்துக் கட்டி, வர்ணக் காகிதத்தை மைதா பசையால் ஒட்டுவார்கள். உள்ளே விளக்கு வைப்பார்கள். இன்றோ மடித்து வைத்த நட்சத்திரம் கடையில் தொங்குகிறது. வாங்கி விரித்தால் போதும், வேலை முடிந்தது.

"வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறோம். மூங்கில் சீவ எங்கே நேரம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கடை நட்சத்திரம் வாங்குவதில் ஒரு பாவமும் இல்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். ஜெர்மனி நாட்டில் மொராவிய சபையார் நடத்திய பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் மாணவர்கள் காகிதத்தால் நட்சத்திரம் செய்தார்கள். எதற்காகத் தெரியுமா? கணக்குப் பாடத்துக்காக! கோணமும் வடிவமும் கற்பதற்காகச் செய்த அந்த நட்சத்திரம், அந்த நாட்டில் கிறிஸ்துமஸ் நட்சத்திரமாகவே நிலைத்துவிட்டது. பிள்ளைகள் கையால் பிறந்த மரபு அது.

பெரிய நட்சத்திரம் கடையிலிருந்து வரட்டும். சின்னதாக ஒன்றை வீட்டுப் பிள்ளைகள் செய்யட்டும். ஒரு முனை கோணலாக இருந்தால் என்ன? அந்தக் கோணல் நட்சத்திரத்தின் கீழே நின்று, "இது நான் செய்தது!" என்று குழந்தை சொல்லும்போது அதன் முகத்தைப் பாருங்கள். விலை கொடுத்து வாங்கிய எந்த விளக்கும் அப்படிப் பிரகாசிக்காது.

வண்டிச் சக்கரத்தின் கதை

பழக்கம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக, ஒரு நாள் தொடங்கியதுதான்.

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விஷெர்ன் என்ற போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இல்லம் நடத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்பார்களாம். 1839-ஆம் ஆண்டு அவர் ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்தார். அதில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். சாதாரண நாட்களுக்குச் சிறியவை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரியவை. தினம் ஒன்றாக ஏற்றினார். வெளிச்சம் கூடக்கூடப் பண்டிகை நெருங்குகிறது என்று பிள்ளைகள் தாங்களே தெரிந்துகொண்டார்கள்.

இன்று உலகின் பல தேவாலயங்களில் திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் ஏற்றுகிறார்களே, அந்த வழக்கம் இப்படிப் பிறந்ததுதான்.

பணக்காரர் வீட்டில் பிறந்த வழக்கம் அல்ல அது. பெற்றோர் ஆதரவு இல்லாத பிள்ளைகளின் ஏக்கத்தைத் தணிக்கப் பிறந்தது. ஒரு தமிழ் வீட்டில் நான்கு மெழுகுவர்த்தி ஏற்ற நாலாயிரம் ரூபாய் வேண்டாம். ஞாயிறுதோறும் மாலை பத்து நிமிஷம் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிஷம்தான் இன்று பணத்தை விட அரிதாகிவிட்டது!

அடுப்படியில் யார்?

இனி, சொல்லத் தயங்கும் ஒரு விஷயம்.

குமரி மாவட்டத்தில் முந்திரிக்கொத்து இல்லாத பண்டிகை ஏது? பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப் பாகில் உருட்டி, அரிசி மாவில் தோய்த்துப் பொரித்தெடுக்க வேண்டும். இதோடு அச்சு முறுக்கு உண்டு, அதிரசம் உண்டு, கை முறுக்கு உண்டு. கேட்கவே நாவில் நீர் ஊறுகிறது.

ஆனால் அத்தனையையும் செய்வது யார்? பல வீடுகளில் ஒரே ஒரு பெண். மூன்று நாள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, 24-ஆம் தேதி இரவு வீட்டைக் கழுவி, விடியுமுன் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஆலயத்துக்குக் கிளம்புகிறாள். ஆராதனையில் உட்கார்ந்ததும் கண் சொருகுகிறது. எல்லோருக்கும் பண்டிகை, அவளுக்கு மட்டும் வேலை!

இது அர்த்தமுள்ள பாரம்பரியமா? இல்லவே இல்லை.

கணவர் முறுக்குப் பிழியலாம். மகன் உருண்டை பிடிக்கலாம். பாட்டி பக்குவம் சொல்லலாம். ஐந்து பலகாரம் செய்ய வேண்டிய இடத்தில் இரண்டு போதும். குடும்பமே வட்டமாக உட்கார்ந்து செய்த இரண்டு பலகாரம், ஒருத்தி தனியாகச் செய்த ஐந்தை விட ருசியாக இருக்கும். வேலையும் நடக்கும், பழைய கதைகளும் வெளியே வரும். பாட்டியின் பக்குவம் பேரனுக்குத் தெரியாமல் போனால், ஒரு தலைமுறையின் கைமணம் அவளோடு போய்விடும்.

செய்த பலகாரம் எங்கே போக வேண்டும்? முதல் தட்டு அடுத்த வீட்டுக்கு. தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து அதிரசம் வந்தது. ரம்ஜானுக்கு எதிர் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. கிறிஸ்துமஸ் அன்று அந்தத் தட்டுகள் நிறைந்து திரும்ப வேண்டும். தட்டைத் துணியால் மூடி, பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவதுதான் சரி. மதத்தைப் பற்றிப் பெரியவர்கள் மேடையில் பேசும் பேச்சை விட, அந்தக் குழந்தை நான்கு வீட்டுப் படி ஏறி இறங்குவது ஊருக்கு அதிக நன்மை செய்யும்.

வீட்டுக்கு ஒரு பாட்டு

தென் மாவட்டங்களில் டிசம்பர் இரவு என்றால் கீத பவனி. சபையின் வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் மிட்டாய் கொடுப்பார். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நோயாளி இருக்கும் வீட்டிலும், தனியாக இருக்கும் முதியவர் வீட்டிலும் பாடும்போது, கேட்பவர் கண்ணில் நீர் தளும்பும். ஆண்டு முழுவதும் யாரும் மிதிக்காத வாசலில் அன்று இருபது பேர் நிற்கிறார்கள் அல்லவா!

பாட்டுக்குப் பெரிய வாத்தியங்கள் வேண்டுமா? 1818-ஆம் ஆண்டு ஆஸ்திரியா நாட்டில் ஓபெர்ன்டோர்ஃப் என்ற ஊரில், ஒரு சிறு கோவிலில், கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு ஒரு பாட்டு பாடப்பட்டது. எழுதியவர் ஜோசப் மோர் என்ற பாதிரியார். மெட்டு அமைத்தவர் ஃப்ரான்ஸ் க்ரூபர் என்ற பள்ளி ஆசிரியர். துணைக்கு இருந்தது ஒரு கிட்டார். 'சைலண்ட் நைட்' என்ற அந்தப் பாட்டு இன்று உலகம் முழுவதும் ஒலிக்கிறது.

தமிழர்களுக்குச் சொந்தச் செல்வமும் உண்டு. 1774-இல் பாளையங்கோட்டையில் பிறந்து, தஞ்சாவூரில் வாழ்ந்து, 1864-இல் மறைந்த வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றிய கீர்த்தனைகள் தமிழ்ச் சபைகளில் இன்றும் பாடப்படுகின்றன. தாத்தாவுக்கு அவை மனப்பாடம். பேரனுக்கோ முதல் அடிகூடத் தெரியாது. பண்டிகைக்குள் ஒரே ஒரு கீர்த்தனையைத் தாத்தா பேரனுக்குக் கற்றுக் கொடுக்கட்டும். சுருதி பிசகினால் பாதகமில்லை. ஒலிபெருக்கியில் ஆயிரம் பாட்டு கேட்டாலும் அதற்கு ஈடாகாது.

நேரமில்லாதவர் அனுப்பிய அட்டை

வாழ்த்து அட்டை எப்படி வந்தது என்பது சுவையான கதை. 1843-ஆம் ஆண்டு லண்டனில் ஹென்றி கோல் என்பவர் இருந்தார். பண்டிகைக்கு வந்த கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத அவருக்கு நேரமில்லை. ஹார்ஸ்லி என்ற ஓவியரைக் கொண்டு படம் வரைவித்து, அட்டையாக அச்சிட்டார். நேரமின்மை அன்றே தொடங்கிவிட்டது!

ஆனாலும் அந்த அட்டையில் என்ன படம் இருந்தது தெரியுமா? நடுவில் ஒரு குடும்பம் விருந்து உண்கிறது. ஒரு பக்கத்தில் பசித்தவர்களுக்கு உணவு கொடுக்கிறார்கள். மறு பக்கத்தில் ஏழைகளுக்கு உடை கொடுக்கிறார்கள். விருந்தும் தர்மமும் ஒரே அட்டையில் இருந்தன.

இன்று கைப்பேசியில் ஒரு படம் வருகிறது. அதையே ஐம்பது பேருக்குத் தள்ளிவிடுகிறோம் என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அது வாழ்த்து அல்ல, வருகைப் பதிவு. துபாயில் வேலை பார்க்கும் மாமாவுக்கும், கிராமத்தில் இருக்கும் பெரியம்மாவுக்கும் பிள்ளைகள் தங்கள் கையெழுத்தில் நாலு வரி எழுதட்டும். அந்தக் காகிதத்தைப் பெரியம்மா பைபிளுக்குள் வைத்துப் பத்திரப்படுத்துவார்.

ஒரு தட்டு அதிகம்

போலந்து நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் 24-ஆம் தேதி மாலை வானத்தில் முதல் நட்சத்திரம் தெரியும் வரை குழந்தைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தெரிந்த பிறகுதான் சாப்பாடு. மேஜையில் வீட்டாரின் எண்ணிக்கையை விட ஒரு தட்டு அதிகமாக இருக்கும். எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்காக அது! சத்திரத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையை அந்த ஒரு தட்டு நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

விருந்தோம்பலைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனாலும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஊருக்குப் போக முடியாமல் விடுதியில் தங்கிவிட்ட மாணவன் யார்? வடக்கிலிருந்து வந்து பக்கத்துக் கட்டடத்தில் கல் சுமக்கும் தொழிலாளி எங்கே சாப்பிடுகிறான்? பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போய்விட்ட கிழவர் யாருடன் உட்கார்ந்து உண்கிறார்? அந்த ஒரு தட்டு அவர்களுக்கு உரியது.

காலியான இடம் வேறொரு வகையிலும் உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணிக்குத் திருநாளுக்காக வந்திருந்தவர்கள் போனார்கள். கொளச்சல் கடற்கரையில் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். முதல் நாள் உடுத்திய புதுத் துணி மடிப்புக் கலையாமல் கிடந்த வீடுகளில், மறுநாள் அழுகுரல் கேட்டது.

அந்தக் குடும்பங்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தாலே துக்கமும் கூட வருகிறது. கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் பலரால் சாப்பிட முடிகிறது. அவர்களிடம், "பண்டிகை நாளில் அழாதே" என்று சொல்லக்கூடாது. இறந்தவர் பெயரைச் சொல்லி, அவருக்குப் பிடித்த பலகாரத்தை ஒரு ஏழைக்குக் கொடுப்பதும் ஒரு நல்ல பாரம்பரியம்தான். சிரிப்புக்கு மட்டும் இடம் கொடுத்துக் கண்ணீரைக் கதவுக்கு வெளியே நிறுத்தும் பண்டிகை, முழுப் பண்டிகை ஆகாது.

ஒரு மாலை போதும்

"குழந்தைகள் ஏமாந்துபோவார்களே! அடுத்த வீட்டுப் பையன் விலை உயர்ந்த சட்டை போடுவானே!" என்ற கவலை பெற்றோருக்கு உண்டு. அந்தக் கவலைதான் வட்டிக்காரர் வாசலுக்கு அழைத்துப் போகிறது. டிசம்பரில் வாங்கிய கடனுக்கு ஜனவரியில் வட்டி கட்ட வேண்டும். அதே மாதம் பள்ளிக் கட்டணமும் நிற்கும். அப்போது வீட்டில் எழும் சண்டையைக் குழந்தைகள் மறக்கமாட்டார்கள். சட்டையைப் பொங்கலுக்குள் மறந்துவிடுவார்கள்.

குழந்தைகளிடம் கணக்கை மறைக்கத் தேவையில்லை. "இந்த வருஷம் நம்மிடம் இவ்வளவுதான் இருக்கிறது. இதில் என்ன செய்யலாம்?" என்று கேட்டால், அவர்கள் சொல்லும் யோசனை பெரியவர்களையே வியக்க வைக்கும். "எனக்குச் சட்டை போதும்; பாட்டிக்குக் கம்பளி வாங்குவோம்" என்று சொல்லும் பிள்ளையும் அங்கேதான் இருக்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மாலை வீட்டார் எல்லோரும் உட்கார வேண்டும். காகிதத்தை எடுக்க வேண்டும். வாங்குவதற்கான பட்டியல் ஒரு பக்கம் இருக்கட்டும். மறு பக்கத்தில், குடில் யார் கட்டுவது, நட்சத்திரம் யார் ஒட்டுவது, முறுக்கு யார் பிழிவது, எந்தப் பாட்டைக் கற்பது, யாருக்குக் கடிதம் எழுதுவது, யாரைச் சாப்பிட அழைப்பது என்று எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். கடைசிக் குழந்தையின் பெயரும் இருக்க வேண்டும். தகப்பனார் பெயரும் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்தால், கிறிஸ்துமஸ் அன்றே அந்த வீட்டில் தொடங்கிவிட்டது.